இருபதாயிரம் வளையங்கள்

கடந்த வாரம் ஜேர்மனியிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். சுகநலம் விசாரித்து முடித்தபின், சற்றுத் தயக்கத்தோடு, "மாமா, கவசத்தில கறள் பிடிச்சிட்டுது" என்றான்.

வாசகர்கள் திகைக்க வேண்டாம். அவன் சொன்னது கந்தசஷ்டி கவசத்தை அல்ல. இரும்புக் கம்பியில் செய்த சின்னஞ்சிறு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பின்னிய, பழங்கால ஐரோப்பியப் போர்வீரர்கள் அணிந்ததைப் போன்ற சட்டை அது. அதில் சில ஆயிரம் வளையங்கள் என் கையால் பூட்டப்பட்டவை. அந்தக் கதையை இதுவரையில் எங்கும் எழுதியதில்லை. எழுதினால் தங்கை என்ன நினைப்பாளோ என்றொரு தயக்கம் இருந்தது. இப்போது அவளே, "எழுதுங்கோ அண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

2010 ஆம் ஆண்டு கோடையில், ஹம் நகரில் வசிக்கும் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த் திருவிழாவைப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2002 இல் எழுந்த அந்தக் கோபுரத்தைப் படங்களில் மட்டுமே கண்டிருந்தேன். தேரும் பார்த்தாயிற்று, காவடியும் பார்த்தாயிற்று. அன்றிரவு தங்கை தேநீரோடு வந்து எதிரே அமர்ந்தாள்.

"அண்ணா, இவன் கீழே நிலவறைக்குள்ள இருந்து இரும்புச் சட்டை பின்னுறான். சண்டைக்குப் போறானாம். விளையாட்டுச் சண்டையாம். நான் சொன்னாக் கேக்கிறானில்லை. நீங்கள் ஒருக்கா கதையுங்கோ."

அவள் ஏன் அப்படிக் கலங்குகிறாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கடைசித் தம்பிக்கு அப்போது மருமகனுடைய அதே வயதுதான், பத்தொன்பது. 1995 இல் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்த பிறகு அவன் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதற்கு ஏழெட்டு வருடங்களுக்கு முன்னரே ஜேர்மனிக்கு வந்துவிட்ட தங்கை அவனைக் கடைசியாகப் பார்த்தது சிறுவனாக. மருமகன் பக்கவாட்டில் திரும்பும்போது அதே மூக்கு. இது எங்கள் இருவருக்குமே தெரியும். இருவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

அடுத்த நாள் மாலை நிலவறைக்கு இறங்கினேன். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் சுருள் சுருளாகக் கம்பி, இரண்டு குறடுகள், ஒரு கிண்ணம் நிறைய வளையங்கள். மருமகன் வானொலியைக் கேட்டபடி வளையம் பூட்டிக்கொண்டிருந்தான். அறிவுரை சொல்ல வந்தவன் முதலில் விஷயத்தை அறிந்துகொள்வது முறையல்லவா? பத்திரிகைத் தொழிலில் பழகிய வழக்கப்படி கேள்விகளோடு தொடங்கினேன்.

லார்ப் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஒருவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதற்குரிய உடையணிந்து, சில நாட்களுக்கு அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்து விளையாடுவது. நம்மூர்க் கூத்தோடு ஒப்பிடலாம் என்று பார்த்தால், இங்கே பாட்டில்லை, எழுதிய பிரதியில்லை, பார்வையாளரும் இல்லை. வந்திருப்பவர்கள் எல்லோரும் ஆடுபவர்கள். ஜேர்மனியில் இதற்குப் பெரிய வரவேற்பு. கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் புறோக்கெலோ என்ற கிராமத்தில் 2004 முதல் நடக்கும் கொன்குவெஸ்ட் ஒஃப் மித்தோடியா என்ற விழாவுக்குப் பல ஆயிரம் பேர் கூடாரங்களோடு வந்து சேர்கிறார்கள். வாள்கள் எல்லாம் கண்ணாடியிழைத் தண்டின்மேல் நுரைப்பஞ்சு சுற்றி இறப்பர்ப் பால் பூசியவை. குத்துவதற்கு அனுமதியில்லை, தலையில் அடிக்கக் கூடாது.

"அப்படியென்றால் இரும்புச் சட்டை எதற்கு? பஞ்சு வாளுக்கு மேற்சட்டையே போதுமே?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். பல விளையாட்டுகளில் கவசத்துக்குத் தனியாக மதிப்பெண் உண்டாம். கவசம் அணிந்தவன் கூடுதலாகச் சில அடிகளைத் தாங்கலாம். நூலில் பின்னி வெள்ளி வர்ணம் அடித்த சட்டைக்கும் உண்மையான இரும்புக்கும் அந்த மதிப்பில் வேறுபாடு உண்டு. அதைவிட முக்கியமாக அவன் சொன்னது ஒலியைப் பற்றி. நடக்கும்போது இரும்பு சலசலக்கும் ஒலியை நூல் தராது.

நூலில் பின்னுவது ஏமாற்று வேலை என்று எண்ணவேண்டாம். 1975 இல் வந்த "மொன்ரி பைதன் அன்ட் த ஹோலி கிறெயில்" என்ற திரைப்படத்தில் வீரர்கள் அணிந்திருப்பது பின்னிய கம்பளிதான். "லோர்ட் ஒஃப் த றிங்ஸ்" படங்களுக்காக நியூசிலாந்தின் வெற்றா வேர்க்‌ஷொப் செய்தது வேறு வகை. பிளாஸ்ரிக் குழாயை மெல்லிய வளையங்களாக வெட்டி, ஒரு கோடிக்கும் அதிகமான எண்ணிக்கையில் கையாலேயே கோத்து, உலோகப் பூச்சு ஏற்றினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் விரல் ரேகைகள் தேய்ந்துபோயின என்று சொல்லப்படுவதுண்டு. எங்கள் பழைய அச்சுக்கூடத்து அச்சுக்கோப்பாளர்களின் விரல் நுனிகளைப் பார்த்தவன் என்பதால் நான் அதை நம்புகிறேன்.

மருமகனும் முதலில் ஆயத்தமாகச் செய்த சட்டை ஒன்றை வாங்கித்தான் தொடங்கியிருந்தான். விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணம். இணையத்தளம் ஒன்றில் படத்தைப் பார்த்து அனுப்புவித்திருந்தான். வந்து சேர்ந்தபோது கறுத்த எண்ணெயில் ஊறிய பொதி. வீடெங்கும் அந்த மணம் இரண்டு நாட்கள் நின்றதாம். சட்டை நெஞ்சில் இறுக்கம், கைகளில் தொளதொளப்பு. வளையங்களின் இரு முனைகளும் ஒழுங்காகப் பொருந்தாததால் கழற்றும்போதெல்லாம் நாலைந்து தரையில் உதிர்ந்தன. எல்லாவற்றிலும் மோசம் அக்குள். அந்த இடத்தில் தனியாகத் துண்டு வைத்துப் பின்னாமல் நேரே உடலோடு கையை ஒட்டியிருந்தார்கள். கையை உயர்த்தினால் சட்டை முழுவதும் கூடவே உயர்ந்தது. வாங்குபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது வளைய முனைகளையும் அக்குளையும்தான் என்பதைப் பணத்தைக் கொடுத்து அறிந்துகொண்டான்.

இதைவிட உயர்ந்த வகை ஒன்றுண்டு. வளையத்தின் இரு முனைகளையும் தட்டையாக்கி, துளையிட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சிறிய ஆணியால் தறைந்து விடுவது. பழங்காலக் கவசங்கள் பெரும்பாலும் இப்படித் தறைந்தவையே. நோர்வேயில் யெர்முன்பூ என்ற பண்ணையில் 1943 இல் தோண்டியெடுத்த பத்தாம் நூற்றாண்டுச் சட்டையின் துண்டுகளும் அவ்வாறானவை. முனைகளை வெறுமனே முட்டவைத்த வளையம் ஈட்டி முனைக்கு வாய் திறந்துவிடும், தறைந்தது திறக்காது. இன்று ஐரோப்பியக் கடைகளில் கிடைக்கும் தறைந்த சட்டைகளில் மிகப் பல இந்தியாவில் செய்யப்படுகின்றன. டேராடூன், மீரட் பகுதிகளிலிருந்து வாளும் கவசமும் திரைப்படங்களுக்கும் வரலாற்று அரங்குகளுக்கும் போகின்றன. விலை சில நூறு யூரோக்கள். இருபதாயிரம் வளையம், இருபதாயிரம் ஆணி இல்லாவிட்டாலும் அதில் பாதியாவது ஆணி. அதை ஒவ்வொன்றாகத் தறைந்தவர் கையில் அந்தச் சில நூறில் எத்தனை போய்ச் சேரும்? மருமகனிடம் இதைக் கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் "அதனாலதான் நானே செய்யிறன்" என்று சிறிது நேரம் கழித்துச் சொன்னான். அது முழு உண்மையல்ல, காசில்லாததும் ஒரு காரணம். என்றாலும் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அவன் பயன்படுத்தியது நாகம் பூசிய, 1.6 மில்லிமீற்றர் கனமுள்ள வேலிக் கம்பி. அதை 8 மில்லிமீற்றர் இரும்புத் தண்டில் நெருக்கமாகச் சுற்றினால் நீண்ட சுருள் கிடைக்கும். சுருளைத் தண்டிலிருந்து கழற்றி, நெடுக வெட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு சுற்றும் ஒரு வளையம். கம்பியின் கனத்தைப்போல் ஐந்து மடங்கு உள்விட்டம் இருந்தால் பின்னல் இறுக்கமாகவும் அதேநேரம் வளைந்து கொடுப்பதாகவும் அமையும். அதற்குக் குறைந்தால் பின்னல் விறைத்துப்போகும், கூடினால் மீன் வலையாகிவிடும்.

வலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாம் சங்கிலிக் கவசம் என்று எழுதினாலும் அதில் சங்கிலி எதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரர் வலைக்கண்ணைக் குறிக்கும் சொல்லால் அதை அழைத்தார்கள், ஆங்கிலம் அதையே எடுத்துக்கொண்டது. நம் நிகண்டில் கவசத்துக்குரிய சொற்களுள் சாலிகை என்பதும் ஒன்று. சாலம் என்றால் வலை. யாரோ எங்கோ ஒரே பொருளைப் பார்த்து ஒரே விதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பின்னும் முறை எளிது. ஒவ்வொரு வளையமும் அயலிலுள்ள நான்கு வளையங்களுக்குள் நுழையவேண்டும். நான்கு மூடிய வளையங்களை ஒரு திறந்த வளையத்தில் கோத்து மூடினால் ஐந்தின் ஒரு கொத்து. கொத்துகளை வரிசையாக இணைத்தால் பட்டை, பட்டைகளை இணைத்தால் துணி. வளையத்தைத் திறக்கும்போது இரு பக்கமும் இழுத்து விரிக்கக் கூடாது, வட்டம் கெட்டுவிடும். இரண்டு குறடுகளாலும் பிடித்து, ஒரு முனையை முன்னாகவும் மற்றதைப் பின்னாகவும் முறுக்கவேண்டும். மூடும்போது முனைகள் உரசுகின்ற சிறு ஒலி கேட்கும்வரை கொண்டுவர வேண்டும்.

இதையெல்லாம் விளக்கிக்கொண்டே அவன் என் கையில் ஒரு சோடிக் குறடுகளைத் தந்துவிட்டான். நான் ஏன் வாங்கினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. முதல் மணித்தியாலத்தில் நாற்பது வளையங்களைப் பூட்டினேன். அவன் நூற்றைம்பதைத் தாண்டியிருந்தான்.

என் விரல்களைவிட என் கண்தான் அங்கு உதவியது. எழுபதுகளில் ஈய எழுத்துக்களைக் கையால் அடுக்கிய காலத்தில், ஒப்புநோக்காளனாகத்தான் பத்திரிகைக்குள் நுழைந்தேன். பின்னலில் ஒரு வளையம் நான்குக்குப் பதிலாக மூன்றில் கோத்திருந்தால், அப்போது ஒன்றும் தெரியாது. பத்து வரிசைகள் கடந்தபின் துணி அந்த இடத்தில் இலேசாகச் சாயும். மருமகன் முதுகுப் பகுதியைத் தூக்கிப் பிடித்தபோது தோளுக்குக் கீழே ஒரு பிழை, இடுப்பருகே இன்னொன்று என்று காட்டினேன். அவனுக்குப் பெரும் வியப்பு. பிறகு ஒவ்வொரு மாலையும் அன்றைய வேலையை என்னிடம் "புரூப்" காட்டினான்.

தங்கை மேலே காத்திருந்தாள். "கதைச்சனீங்களோ?" என்று கேட்டாள். "கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றேன். அது பொய்யல்ல. ஆனால் என் கைகளில் நாகத்தின் சாம்பல் நிறம் படிந்திருந்ததை அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் சவர்க்காரத்தை எடுத்து வைத்தாள்.

ஒருநாள் மருமகன், "மாமா, நீங்கள் உண்மையான சண்டை பாத்தனீங்கள்தானே? அப்ப என்ன போட்டிருந்தீங்கள்?" என்று கேட்டான்.

சேட்டும் காற்சட்டையும் என்றேன். வேறு எதுவும் எங்களுக்கு இருக்கவில்லை. வெளிநாட்டு நிருபர்கள் வரும்போது நீல நிறத்தில் கனமான காப்புச் சட்டை அணிந்திருப்பார்கள். உள்ளே தகடு வைத்தது. ஒருமுறை வவுனியாவில் அப்படி வந்த ஒருவர் தன்னுடையதைக் கழற்றி, போட்டுப் பார்க்கும்படி என்னிடம் தந்தார். ஐந்து நிமிடங்கள் அணிந்திருப்பேன். தோள் இறங்கியது. திருப்பிக் கொடுத்தபோது நெஞ்சு வெறுமையாக இருப்பதுபோல் உணர்ந்தேன். அதற்குமுன் எத்தனையோ வருடங்கள் அப்படித் திரிந்தவன்தான், அன்றுதான் அது தெரிந்தது. அந்தச் சட்டைக்கும் மருமகனின் வளையச் சட்டைக்கும் பாரம் ஏறக்குறைய ஒன்றே.

அவன் குறடுகளைக் கீழே வைத்துவிட்டான். சிறிது நேரத்துக்குப் பிறகு, "மாமா, எங்கட விளையாட்டில விழுந்தவன் எழும்பி வந்து என்னோட இருந்து தேத்தண்ணி குடிப்பான். அதுதான் எனக்கு விருப்பம்" என்றான். எங்கள் தம்பியைப் பற்றி அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் அடுத்த வளையத்தை எடுத்தேன். அவனைத் தடுக்கும் எண்ணம் அன்றோடு போய்விட்டது.

யூலை மாத இறுதியில் சட்டை முடிந்தது. முழங்கை வரை கை, தொடையின் நடுப்பகுதிவரை நீளம். இருபதாயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான வளையங்கள், 9.5 கிலோ. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுநூறு மீற்றருக்கு மேற்பட்ட கம்பி அந்தச் சட்டைக்குள் சுருண்டு கிடந்தது.

அணிவது ஒரு கலை. கைகளை உள்ளே விட்டுத் தலைக்கு மேல் தூக்கினால் சட்டை தானாகவே வழுகி இறங்கும். கழற்றுவதற்கு இடுப்பை மடித்துக் குனிந்து, கைகளைத் தொங்கவிட்டு, நாய் உடம்பை உதறுவதுபோல் உதறவேண்டும். அதன் பாரமே அதைத் தலைவழியே இழுத்துக்கொண்டு போகும், சில வேளை தலைமயிரையும் சேர்த்து. இடுப்பில் தோல் பட்டியை இறுக்கிக் கட்டி, அதற்கு மேலே சட்டையைச் சற்று உயர்த்தி விட்டால் பாரத்தில் ஒரு பகுதி இடுப்புக்குப் போகும். பட்டி இல்லாவிட்டால் முழுப் பாரமும் தோள்களுக்குத்தான்.

மருமகன் அதைப் பழகிக்கொள்வதற்காக ஒரு மாலை முழுவதும் மெல்லிய பனியனுக்கு மேல் அணிந்து திரிந்தான். மறுநாட் காலை குளித்துவிட்டு மேற்சட்டையின்றி வந்தவனின் தோள்களில் வட்டம் வட்டமாகச் சிவந்த தடங்கள். தங்கை அடுப்படியில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.

வளையச் சட்டைக்குள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உடுப்பு ஒன்று அணியவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. வெட்டைத் தடுப்பது இரும்பு, அடியின் அதிர்ச்சியை வாங்குவது துணி. ஆனால் அதைத் தைக்கக்கூடியவர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை. தங்கை அந்த நாட்களில் உடுப்புத் திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

அன்றிரவு பத்துமணிக்குமேல் தையல் மெசினின் ஓசை கேட்டது. அடுத்த இரவும் கேட்டது. மூன்றாம் நாள் மேசையின்மேல் உடுப்பு இருந்தது. பழைய பருத்திப் படுக்கை விரிப்புகள் இரண்டு, நடுவே ஒரு கம்பளிப் போர்வை, மேலிருந்து கீழாக இரண்டு விரல் இடைவெளியில் தையல் வரிகள். தோளில் மட்டும் இன்னொரு மடிப்புக் கம்பளி. அக்குளைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தாள். கை உயர்வதற்கு அதுதான் வழி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தையற்காரிக்குச் சொல்லவேண்டியதும் இல்லை. மருமகன் அணிந்து பார்த்தபோது அவள் அறைக்குள் வரவில்லை. "அளவு சரியோ எண்டு கேளுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஓகஸ்ட் மாதம் மைத்துனரும் நானும் அவனைக் காரில் புறோக்கெலோவுக்குக் கொண்டுபோய் விட்டோம். வாகனத் தரிப்பிடத்தோடு எங்கள் எல்லை முடிந்தது. பச்சை முகம் பூசிய அரக்கர்கள் சிலர் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு நின்றார்கள். மருமகன் சட்டையை அணிந்து நடந்துபோனான். கண்ணுக்கு மறைந்த பிறகும் சில விநாடிகள் அந்தச் சலசலப்புக் கேட்டது. நான்கு நாட்களின் பின்னர் தொண்டை கட்டி, வெயிலில் கறுத்து, சேறு பூசிக்கொண்டு திரும்பி வந்தான். தங்கை கதவைத் திறந்ததும் முதலில் அவனுடைய தோள்களைத்தான் தடவிப் பார்த்தாள்.

அதன்பின் நான் நாடு திரும்பிவிட்டேன். அவன் ஆண்டுதோறும் அந்தச் சட்டையோடு போய்வந்தான், இப்போது வேலை, குடும்பம் என்று குறைந்துவிட்டது. சட்டை நிலவறையிலேயே இருந்திருக்கிறது.

இனிக் கறளுக்கு வருவோம். நாகம் பூசிய கம்பியில் இலகுவில் கறள் பிடிக்காது. வெட்டிய முனைகளிலும் ஒன்றோடொன்று உரசும் இடங்களிலும்தான் பூச்சுத் தேய்ந்து இரும்பு வெளியே வரும். இவனுடைய சட்டையிலோ முழுக்க முழுக்கச் செந்நிறம் என்றான். விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. பழங்காலத்தில் கவசத்தை மணலும் வினாகிரியும் இட்ட பீப்பாவுக்குள் போட்டு உருட்டித் துலக்குவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, சில வருடங்களுக்கு முன்னர் அப்படியே செய்திருக்கிறான். வெறும் இரும்புக்கு அது நல்ல வைத்தியம். நாகத்தை வினாகிரி தின்றுவிடும். பூச்சுப் போன சட்டையை எண்ணெய் பூசாமல், தங்கியில் தொங்கவிட்டு, ஈரமான நிலவறைச் சுவரோடு சேர்த்து வைத்திருக்கிறான். தங்கியும் வளைந்துபோயிற்றாம்.

உலர்ந்த மணலை மட்டும் மூடியுள்ள வாளியில் இட்டு, சட்டையையும் போட்டு, முற்றத்தில் அரை மணித்தியாலம் உருட்டச் சொன்னேன். பிறகு கொதிநீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் விட்டுக் கழுவி, உடனேயே சூடான காற்றில் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசிப் பழந்துணியால் நன்றாகத் துடைக்கவேண்டும். துடைக்காமல் விட்டால் தங்கை தைத்த உடுப்புக் கறுத்துவிடும். தொங்கவிடாமல் பெட்டிக்குள் படுக்க வைக்கவேண்டும். என்ன எண்ணெய் என்று கேட்டான். "கொம்மாவின்ர தையல் மெசினுக்கு விடுற எண்ணெய் காணும்" என்றேன். பின்னால் தங்கையின் சிரிப்புக் கேட்டது. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்திருக்கிறான்.

"இன்னொண்டு, மாமா" என்றான். "வளையங்கள் கொஞ்சம் கழண்டு விழுது. எல்லாம் நீங்கள் பூட்டினது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். முனைகள் ஒரு மயிரிழை விலகி நிற்கின்றனவாம், இடப்பக்க விலாவில் அந்த வரிசைகள் முழுவதும் அப்படித்தானாம். விழுந்தவற்றை ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்திருப்பதாகவும், அடுத்தமுறை வரும்போது நானே வந்து பூட்டித் தரவேண்டும் என்றும் சொன்னான். என் குறடுகள் இரண்டும் அந்த மேசை இலாச்சியில்தான் இருக்கின்றனவாம்.